கான்சலின் கையெழுத்தைக் காவல் நிலையம் எப்படி அறியும்?

தமிழ்நாடு அரசின் பொதுத் துறையில் வெளிநாட்டுத் தூதரக அலுவல்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளைச் செயலகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் 26 ஆண்டுகளாக வழக்குரைஞர் தொழில் செய்து வருகிறேன். வீட்டுக்கு ஒருவராவது மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஆதலால் என் மேசைக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நாட்டுத் தூதரகத்தின் முத்திரை இருக்கும். அந்த முத்திரைகளை நம் அலுவலகங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் அருகிருந்து கண்டவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மலேசியக் குடியுரிமை பெற்ற ஒரு பெரியவர், மாசி மாதப் படைப்புக்காகத் தம் குலதெய்வக் கோயிலுக்கு மகளுடன் வந்திருந்தார். சிவராத்திரிக்கு மறுநாள் விடியற்காலையில் தங்கியிருந்த விடுதியில் நெஞ்சுவலி வந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. நடமாட முடியாத நிலையில் இருந்த அவருடைய மனைவி கோலாலம்பூரில் காத்திருந்ததால், உடலை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று மகள் முடிவு செய்தார். அதற்கு இறப்புச் சான்று வேண்டும். உடலைப் பதப்படுத்திய சான்று வேண்டும். காவல் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இறந்தவருடைய நாட்டின் கான்சலகம், அதாவது தம் நாட்டு மக்களைக் கவனிக்க அந்நாடு சென்னையில் வைத்திருக்கும் அலுவலகம், தரும் கடிதமும், அவர்கள் ரத்து செய்துகொடுக்கும் கடவுச்சீட்டும் வேண்டும். கான்சலகத்தின் கடிதம் மறுநாளே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. மருத்துவமனை வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்துக் கொண்டு, நானும் அந்தப் பெண்ணும் காவல் நிலையத்துக்குப் போனோம்.

ஆய்வாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். தாளைத் தூக்கி, மேலே எரிந்துகொண்டிருந்த குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது எம்பஸி லெட்டர் இல்லையேம்மா, கான்சுலேட்டுன்னுல்ல போட்டிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறவர் யாரு, அவருக்கு இந்த அதிகாரம் இருக்குன்னு எனக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். மாவட்டத் தலைமையிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கே சென்னையைக் கேட்கச் சொன்னார்கள். சென்னையில் ஓர் அலுவலகத்தில் டெல்லியைக் கேட்கச் சொன்னார்கள். அன்று வெள்ளிக்கிழமை மாலை. பெரியவரின் உடல் ஐந்தாம் நாள்தான் ஊர் விட்டுக் கிளம்பியது. அந்த ஐந்து நாட்களும் கடவுச்சீட்டு இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பிணவறைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண்.

அந்த ஆய்வாளர் மீது எனக்குக் குறை கிடையாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குரிய விடை அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் முறையீடு.

1963-ஆம் ஆண்டின் வியன்னா கான்சலக உறவு ஒப்பந்தத்தில் இந்தியா 1977-ல் சேர்ந்தது. ஒரு நாடு தன் கான்சலை நம் நாட்டுக்கு அனுப்பும்போது, அவர் பெயர், தரம், அவர் அமரப்போகும் ஊர், அவருடைய பணி எல்லைக்குள் வரும் மாநிலங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நியமனப் பத்திரம் ஒன்றை அனுப்புகிறது. அந்தப் பத்திரம் மட்டும் அவருக்கு இங்கே எந்த அதிகாரத்தையும் தந்துவிடாது. நம் அரசு அதை ஏற்று 'எக்ஸிக்வேட்டர்' என்ற ஏற்பாணையை வழங்கிய பிறகே அவர் பணியைத் தொடங்க முடியும். அல்லது ஏற்பாணை வரும்வரை தற்காலிகமாக அனுமதிக்கப்பட வேண்டும். அந்த லத்தீன் சொல்லுக்கு 'அவர் செய்யட்டும்' என்று பொருள். ஏற்பாணையை மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. வழங்கியதைப் பிற்பாடு திரும்பப் பெறவும் முடியும்.

இவ்வளவும் டெல்லியில் ஒழுங்காக நடக்கிறது என்றே நம்புகிறேன். நான் பேச வந்தது அதற்கு அடுத்த படியைப் பற்றி. கான்சலகத்தின் தலைவர் பணிக்கு அனுமதிக்கப்பட்ட உடனே, அந்த அனுமதி தற்காலிகமானதாக இருந்தாலும்கூட, அவருடைய எல்லைக்குள் இருக்கும் உரிய அதிகாரிகளுக்கு அதைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றும், அவர் தம் கடமையைச் செய்வதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்றும் 14-ஆம் பிரிவு நம் அரசைப் பணிக்கிறது. ஒப்பந்தத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு இது. கான்சலின் கடிதத்தைக் கையில் வாங்குகிற உரிய அதிகாரி தலைமைச் செயலகத்தில் மட்டும் இருப்பதில்லை. அவர் காவல் நிலையத்தில் இருக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறார். அரசு மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர் அறையிலும் சிறைக் கண்காணிப்பாளர் அறையிலும் இருக்கிறார். அவர்கள் வரைக்கும் போய்ச் சேராத அறிவிப்பு, அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அறிவிக்கப்படாத ஒன்றேயாகும்.

ஏற்பு இல்லாத கான்சலின் நிலை என்ன என்பதை நம் நாடு மிகப் பழைய காலத்திலேயே பார்த்திருக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1792-ல் பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குக் கான்சலாக நியமித்தார். 1794-ல் அவர் வந்து இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கான்சலாக ஏற்க மறுத்து, இந்நாட்டு நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட வணிக முகவராக மட்டும் தங்க அனுமதித்தது. சென்னைப் பட்டினத்தில் வில்லியம் அபாட் என்பவர் அவருடைய முகவரானதும் அதே ஆண்டில்தான். குடியரசுத் தலைவரே கையெழுத்திட்டு அனுப்பினாலும், இறங்கும் மண்ணின் அரசு ஏற்கும் வரை அது வெறும் தாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து, பெயரால் வரும் குழப்பத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் அம்பாசிடரும் தூதர், கான்சலும் தூதர் என்றாகிவிட்டது. நம் நாளிதழ்கள் கான்சலகத்தைத் 'துணைத் தூதரகம்' என்று எழுதுகின்றன. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் தூதரகத்தை 'ஹை கமிஷன்' என்று அழைத்துக்கொள்வதால், பிரிட்டனும் இலங்கையும் சென்னையில் வைத்திருப்பது 'டெபுடி ஹை கமிஷன்'. மலேசியாவும் சிங்கப்பூரும் அதே காமன்வெல்த்தைச் சேர்ந்தவையாக இருந்தும் இங்கே வைத்திருப்பது 'கான்சுலேட் ஜெனரல்'. தமிழில் எல்லாமே துணைத் தூதரகம்தான். பிரான்சின் கான்சலகமோ சென்னையில் இல்லை, புதுச்சேரியில் இருக்கிறது. இத்தனையையும் ஒரு தலைமைக் காவலர் யாரும் சொல்லாமல் தாமே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். தூது என்றால் ஓர் அரசின் சொல்லை இன்னோர் அரசிடம் கொண்டுசெல்வது. கான்சல் அதற்காக வந்தவர் அல்லர். தம் நாட்டு மக்களையும் வணிகத்தையும் கப்பல்களையும் வேற்று மண்ணில் கவனித்துக்கொள்ள வந்தவர். ஆகவே இருவரின் சட்டப் பாதுகாப்பும் வேறுவேறு. தூதர்களின் காப்புரிமைக்கு, அதாவது கைது, வழக்கு முதலியவற்றிலிருந்து அவர்களுக்குள்ள விலக்குக்கு, இங்கே சட்ட வலிமை தருவது 1961-ஆம் ஆண்டின் வேறொரு வியன்னா ஒப்பந்தமும், அதற்காக நம் நாடாளுமன்றம் 1972-ல் இயற்றிய சட்டமும் ஆகும். கான்சலுக்கோ தம் பணியின் பொருட்டுச் செய்த செயல்களுக்கு மட்டுமே காப்புரிமை உண்டு. கடுமையான குற்றமாக இருந்து உரிய நீதி அதிகாரம் ஆணையிட்டால் அவரை விசாரணைக்கு முன்பே கைது செய்யவும் முடியும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் துணைக் கான்சல் ஜெனரல் கைது செய்யப்பட்டபோது நாடே கொதித்தது. அமெரிக்கத் தரப்பு அன்று எடுத்து வைத்த வாதம் இந்த வேறுபாட்டின் மேல் நின்றது. நம் அரசு அவரை ஐக்கிய நாடுகள் அவைக்கான நிரந்தரத் தூதுக்குழுவுக்கு மாற்றி, முழுமையான தூதர் காப்புரிமை பெற்றுத் தந்த பிறகே அவர் நாடு திரும்ப வழி பிறந்தது. அதே நாட்களில் டெல்லி, இங்குள்ள அமெரிக்கக் கான்சலக அலுவலர்களின் அடையாள அட்டைகளைத் திருப்பித் தரச் சொன்னது. அட்டை ஒன்றில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது வெளியுறவு அமைச்சகத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த அட்டையைப் பார்த்தால் என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சோதனைச் சாவடியில் நிற்பவருக்கும் தெரிவியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தெரியாமையால் இன்னொரு பக்கமும் தீங்கு வருகிறது. உண்மையான கான்சலின் கடிதத்தை ஐயப்படும் அதே அலுவலகம், போலியான ஒருவரின் பகட்டுக்குப் பணிந்துவிடக்கூடும். 2025 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில், கவி நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தூதரகம் நடத்தியதாக ஒருவரைச் சிறப்புப் பணிப் படையினர் கைது செய்தார்கள். 'வெஸ்ட் ஆர்க்டிகா' உள்ளிட்ட, எந்த நாடும் ஏற்காத பெயர்களைச் சொல்லிக்கொண்டவர் அவர் என்று காவல் துறை கூறியது. தூதரக வாகனங்களுக்குரிய எண்பலகை பொருத்திய சொகுசுக் கார்களும், பல நாடுகளின் பெயர் பொறித்த முத்திரைகளும் அங்கே கைப்பற்றப்பட்டன. வாசலில் கொடியும், காரில் நீலப் பலகையும் இருந்தால் அருகில் போய் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் இத்தகையோரின் முதலீடு. இதில் நம் ஊர் மட்டும் ஏமாளி என்று எண்ண வேண்டாம். 'கைலாசா' என்று தன்னை நாடாக அறிவித்துக்கொண்ட, தமிழர்கள் அனைவரும் அறிந்த அந்த அமைப்புடன் அமெரிக்காவின் நூவர்க் நகராட்சி 2023 ஜனவரியில் சகோதர நகர உடன்படிக்கை செய்துகொண்டு, சில நாட்களிலேயே அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பராகுவே நாட்டின் வேளாண் அமைச்சகத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஒருவர், அந்த அமைப்புடன் அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டதால் பதவி இழந்தார். ஒரு பட்டியலைப் பார்த்திருந்தால் இந்த இரண்டு அவமானங்களும் நேர்ந்திருக்காது.

கௌரவக் கான்சல்கள் விஷயத்தில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். அவர்கள் பெரும்பாலும் நம் ஊர்த் தொழிலதிபர்கள். சொந்தத் தொழிலை நடத்திக்கொண்டே ஏதோ ஒரு நாட்டின் பணியையும் பார்ப்பவர்கள். கௌரவக் கான்சல்களை நியமிப்பதா, ஏற்பதா என்பதையே ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது ஒப்பந்தம். அவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், கான்சல் பணியாகச் செய்த செயல்களுக்கு மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அவருடைய தொழிற்சாலைக்கோ, வங்கிக் கடனுக்கோ, குடும்பச் சொத்து வழக்குக்கோ அது குடையாக விரியாது. பணியை நேர்மையாகச் செய்யும் கௌரவக் கான்சல்களுக்கே இந்தத் தெளிவு பெரும் நன்மை; ஐயத்தோடு பார்க்கப்படும் நிலை அவர்களுக்கு வராது.

கான்சலின் கையெழுத்துக்கு எங்கே செல்லுபடி உண்டு, எங்கே இல்லை என்பதும் மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும். என்னிடம் வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கோலாலம்பூரில் குடியிருப்பவர் இங்குள்ள பூர்வீக நிலத்தை விற்கத் தம் தம்பிக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள நோட்டரியின் முன்போ, நம் தூதரகத்திலோ அவர் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு அதை ஏற்கிறது. அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது முத்திரைச் சட்டம். இந்த 33-ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பது இந்தியாவின் கான்சலை. சென்னையில் அமர்ந்திருக்கும் வேற்று நாட்டுக் கான்சலின் சான்று, அவருடைய நாட்டில் பயன்படுத்தும் ஆவணங்களுக்கு உரியது. நோட்டரி போலப் பணியாற்றும் அதிகாரமே, பணியாற்றும் நாட்டின் சட்டத்துக்கு மாறில்லாத அளவுக்குத்தான் கான்சலுக்குத் தரப்பட்டிருக்கிறது. இது புரியாமல், விடுமுறைக்கு வந்த இடத்தில் தம் நாட்டுக் கான்சலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சார்பதிவாளரிடம் போய்த் திரும்பி அனுப்பப்பட்டு, விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் ஓடிவந்தவர்கள் பலர். இந்த மூன்று வரிச் செய்தியைக் கான்சலகத்தின் சுவரிலும் பதிவு அலுவலகத்தின் சுவரிலும் தமிழில் எழுதி ஒட்டினால் போதும்.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகக் கவலையோடு சொல்ல விரும்புவது கைது பற்றியது. வேற்று நாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், தம் கான்சலுக்குத் தெரிவிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதைத் தாமதமின்றி அவரிடமே சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கான்சல் அவரைச் சந்திக்கவும் வழக்குரைஞரை ஏற்பாடு செய்யவும் விட வேண்டும். ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷன் ஜாதவின் வழக்கில் இந்தியா தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஊன்றி நின்றது இந்தப் பிரிவின் மேல்தான். கைது செய்து மூன்று வாரம் கழித்தே பாகிஸ்தான் நமக்குத் தெரிவித்தது என்பதும், நம் அதிகாரிகளை அவரைச் சந்திக்க விடவில்லை என்பதும் ஒப்பந்த மீறல் என்று 2019 ஜூலை 17-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய நாம், நம் காவல் நிலையம் ஒன்றில் வேற்று நாட்டவர் ஒருவர் பிடிபடும் இரவில் அதே பிரிவை நினைக்கக் கடமைப்பட்டவர்கள். ராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் இதற்கு விளக்கம் தேவையில்லை. படகோடு பிடித்துச் செல்லப்பட்ட மகனை யாழ்ப்பாணம் சிறையில் நம் கான்சலக அதிகாரி போய்ப் பார்த்தார் என்ற ஒரு செய்திக்காக எத்தனை தாய்மார் கடற்கரையில் காத்திருந்திருக்கிறார்கள்! 2010-ல் யாழ்ப்பாணத்தில் இந்தியக் கான்சலகம் திறக்கப்பட்டதன் பயனை மீனவக் குடும்பங்கள் நேரில் அறிந்தவை.

இதே பிரிவில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அந்தத் தகவல், கைதானவர் கேட்டால்தான் போக வேண்டும். நம் மாநிலத்தின் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்து குடியுரிமைச் சான்று பெறுவதற்காக இலங்கைத் துணைத் தூதரகத்தின் படியேறுபவர்கள் அவர்களில் உண்டு. தம் பெயர் அங்கே போய்ச் சேரக் கூடாது என்று அஞ்சுபவர்களும் உண்டு. எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ, அதே அரசின் அலுவலருக்கு ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதமில்லாமல் தகவல் கொடுப்பது பெருந்தவறு. கான்சலின் உரிமையை அறியாத அலுவலர் தகவலைத் தராமல் விட்டுவிடுகிறார். அரைகுறையாக அறிந்தவர் கேட்காமலே தந்துவிடுகிறார். இரண்டையும் பயிற்சியால் மட்டுமே திருத்த முடியும்.

இறப்பு நேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. ஆகவே, தகவல் கிடைத்தவுடன் அந்த எல்லைக்குரிய கான்சலகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டியது நம் அதிகாரிகளின் கடமை என்று 37-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த மாசி மாதத்தில் கான்சலகத்துக்கு முதலில் சொன்னவர் மகள்தான். அழுதுகொண்டே, கைப்பேசியில் எண்ணைத் தேடி எடுத்து.

என் வேண்டுகோள் பெரியதன்று. தமிழ்நாட்டைத் தம் எல்லைக்குள் கொண்ட கான்சலகங்கள், துணை ஹை கமிஷன்கள், கௌரவக் கான்சல்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தமிழில் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தலைவரின் பெயரையும் தரத்தையும், ஏற்பாணை வழங்கப்பட்ட நாளையும், அவசரத் தொலைபேசி எண்ணையும், கடிதம் வரக்கூடிய அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியையும் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியர் வழியாக மேலே சொன்ன அலுவலகங்கள் அனைத்துக்கும் அனுப்புங்கள். கையெழுத்து மாதிரியைப் பொதுவெளியில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை மாவட்டத் தலைமையிடத்தில் மட்டும் பூட்டி வைத்து, ஐயம் வந்தால் அங்கே சரிபார்க்கும் வழியை ஏற்படுத்தலாம். கான்சல் மாறினாலோ, ஏற்பாணை திரும்பப் பெறப்பட்டாலோ, அந்த வாரமே திருத்தம் போக வேண்டும். பழைய பட்டியல் இருப்பது பட்டியலே இல்லாததைவிட ஆபத்தானது. சனி, ஞாயிறுகளிலும் இரவிலும் ஓர் ஆய்வாளர் கேட்டால் பதில் சொல்ல ஒரே ஓர் எண், ஒரே ஓர் அலுவலர் சென்னையில் இருக்க வேண்டும். காவலர் பயிற்சிப் பள்ளிகளிலும் சார்பதிவாளர் பயிற்சியிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம். பட்டியலையும் குறிப்புகளையும் எளிய தமிழில் எழுதித் தர ஆள் தேவை என்றால், என்னைப் போன்ற வழக்குரைஞர்கள் ஊதியமின்றிச் செய்து தர முன்வருவோம். வரும் மாசிப் படைப்புக்கும் எங்கள் ஊர்க் கோயில்களுக்குக் கடல் கடந்து முதியவர்கள் பலர் வருவார்கள். அதற்கு முன் முதல் பட்டியல் எங்கள் மாவட்டக் காவல் நிலையங்களுக்கு வந்து சேர ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிவகங்கை மாவட்ட வழக்குரைஞர் ஒருவர்